கும்மியில ஒரு ஆள் எடம்

தள்ளலீங்க, சும்மா முழங்கை லேசாப் பட்டுது, அவ்வளவுதான். ரெண்டு மாசமா எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். என்ர ஊட்டுக்காரர்கிட்ட, செட்டுப் பொம்பளைங்ககிட்ட, கண்ணாடி முன்னாடி தலை சீவறப்போ எனக்கேகூட. இப்ப உங்ககிட்டச் சொல்றேன், தள்ளித்தான் உட்டேன். நல்லா பலமாத்தான் தள்ளினேன்.

நான் செல்வப்பிரியா. எருத்தேம்பதிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. பாலக்காட்டு ஜில்லாதான், ஆனா தோப்போட கெழக்கு வரப்பைத் தாண்டினா தமிழ்நாடு. எட்டு வருசமாக் கும்மி செட்டு வெச்சிருக்கேன். கும்மின்னா என்னமோ செத்துப்போன சங்கதி, அதைத் தூக்கி நிறுத்தறவ நான்னு நெனச்சுக்காதீங்க. எங்க பக்கம் இப்ப ஊருக்கு ரெண்டு செட்டு இருக்குது. ஒரே கலர்ல சேலை, ஒரே மாதிரி வளையல், அரங்கேத்தத்துக்கு ரோட்டை அடைச்சு ஃப்ளெக்ஸு. போன மாரியம்மன் நோம்பிக்கு எங்க மைதானத்துல மட்டும் நானூறு பொம்பளைங்க அடிச்சாங்க. அதுல எரநூறு பேருக்குக் கத்துக் குடுத்தவ நான்.

ஆனா எனக்கு ஒரு பேரு கெடையாது பாத்துக்குங்க. அதுதான் என்ர வகுத்தெரிச்சல். கோயமுத்தூர்ப் பக்கம் போட்டி நடக்கும், போவேன். "ஆதார் கேரளாவா அம்மிணி? அப்ப சேத்த முடியாதுங்களே"ம்பாங்க. சித்தூர்ல ஆபீசுக்குப் போனா, "கும்மி தமிழ்நாட்டுக் கலையல்லே சேச்சி?"ம்பாங்க. அங்கிட்டும் இல்லை, இங்கிட்டும் இல்லை. என்ர மச்சாண்டாரு, அதாவது ஊட்டுக்காரரோட அண்ணன் ஆறுமுகசாமி, ஒறம்பரைன்னு சொந்தக்காரங்க வந்தா என்னைக் காட்டி "இவ சும்மா ஊருக்குக் கும்மியடிச்சுட்டுத் திரியறா"ன்னு சொல்லிச் சிரிப்பாரு. நான் காபி டம்ளரை டங்குன்னு வெச்சுட்டு உள்ள போயிருவேன். வேற என்ன பண்றது.

அப்பத்தான் அந்த நோட்டீஸ் வந்துது. எங்க செட்டுல மௌனிகான்னு ஒரு புள்ளை, காலேஜ் முடிச்சவ, மலையாளம் மளமளன்னு படிப்பா. போன்ல காட்டினா. கம்பத்துக்கு மேல, கேரளா மலையில இருக்கற வண்டன்மேட்டுல மலைநாட்டுக் கலை மேளா. நாட்டுக் கலைன்னா எந்தப் பாஷையா இருந்தாலும் சேத்திக்குவாங்க. செயிக்கிற செட்டோட தலைவிக்கு ரெண்டு வருசம் கலை ஆசிரியைன்னு வேலை. கவருமெண்டு சீல் வெச்ச நியமன லெட்டர்.

"வயசு என்ன போட்டிருக்குது?"ன்னு கேட்டேன்.

"நாப்பதுக்குள்ளங்கக்கா."

மாசி வந்தா எனக்கு நாப்பது முடியுது. இதை உட்டா அடுத்த வருசம் என்ர பேரை எழுதவே முடியாது. அன்னிக்கிப் புடிச்சது எனக்கு அந்தப் பித்து. சோத்துக்கு உக்காந்தா எந்திரிப்பேன், தோப்புக்குப் போனா பாதியில திரும்புவேன். என்ர ஊட்டுக்காரர் சிவப்பிரகாஷ் பேசாத மனுசன். அவரே, "ஏம்புள்ள, கொஞ்சம் ஒரு எடத்துல நில்லு, எனக்குத் தலை சுத்துது"ன்னாரு.

மேளாவோட ரூலு மூணு. ஒண்ணு, பத்து நிமிசம். ரெண்டு, பன்னெண்டு பேர். மூணு, முன்கூட்டிப் பேர் குடுத்து நெஞ்சுல நம்பர் குத்தின ஆளுக மட்டுந்தான் களத்துல நிக்கோணும். வேற ஒரு ஆள் கால் வெச்சாலும் அந்த செட்டைத் தள்ளிருவாங்க.

இந்த மூணாவதுதான் எங்களுக்கு இடிச்சுது. ஏன்னா எங்க கும்மியில வட்டத்தை மூடற பழக்கமே இல்லீங்க. கெழக்கால ஒரு ஆள் நிக்கற எடம் உட்டு வெச்சுத்தான் அடிப்போம். மூணு சுத்து முடிஞ்சதும் பாட்டுக்காரி ஒரு அழைப்பு பாடுவா:

வட்டத்துல எடமிருக்கு, வாங்கம்மா வாங்க,
வாசலுல நிக்க வேண்டாம், வந்து கையத் தட்டுங்க.

பாக்கற கூட்டத்துல யாருக்குக் கை துறுதுறுங்குதோ அவ வந்து அந்த எடத்துல நின்னுக்கலாம். வந்தவ யாரு, எந்த ஊடு, என்ன சாதின்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. அம்மனே வந்து நிப்பான்னு சொல்லுவாங்க. அவ நின்னதும் இன்னொரு எடம் தானாத் தெறக்கும். எங்க கால்களுக்கு அது மூச்சு உடற மாதிரி. கொழிஞ்சாம்பாறையில சேலைக் கடை வெச்சிருக்கற ஹக்கீம் பாயோட ஊட்டுக்காரி சபியாக்கா ஒரு நோம்பிக்கு வேடிக்கை பாக்க வந்து, பாட்டு கூப்புட்டதும் முக்காட்டை இழுத்துச் சொருகிட்டு எறங்கிருச்சு. இப்ப எங்க செட்டுக்குச் சேலை எடுத்தா அதுதான் நின்னு கலர் பாத்துக் குடுக்குது.

நான் அந்த எடத்தை மூடினேன். பன்னெண்டு பேரையும் நெருக்கி நிறுத்தி, சுண்ணாம்புல வட்டம் போட்டு, ஒருத்தி தோளு இன்னொருத்திக்கு முட்டற மாதிரி ஒரு மாசம் பழக்கினேன். பாட்டுக்காரி பெரியம்மாளக்காளுக்கு அது புடிக்கலை. தொண்டைன்னா அது தொண்டைங்க, மைக்கே வேண்டாம், நாலு தோப்புக்குக் கேக்கும். வாயும் அப்படித்தான்.

"ஏன் அம்மிணி, பொட்டிக்குள்ள அடைச்ச மாதிரி இருக்குதே. மூச்சு முட்டுது"ன்னுச்சு.

"பத்து நிமிசம் முட்டட்டுமக்கா, செத்தா போயிருவோம்?"னேன்.

பாட்டையும் வெட்டினோம். புள்ளையார் பாட்டு மட்டுமே பத்து நிமிசம் ஓடும், அதை நாலு வரியாக்கினோம். கொழுந்தியா கேலியைத் தூக்கினோம், மழை பாட்டைத் தூக்கினோம். மௌனிகா போன்ல டைம் வெச்சுப் பாத்து ஒம்பது நிமிசம் அம்பது செகண்டுக்குக் கொண்டாந்து நிறுத்தினா. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. அத்தனை பேரு, அத்தனை நாளு, அத்தனை வெட்டு வெட்டியும் ஒருத்தி கண்ணுலயும் படாத சங்கதி ஒண்ணு அதுல கெடந்துது. அது அப்பறம் தெரிஞ்சுது.

வெடியால நாலு மணிக்கு வேன்ல பொறப்பட்டோம். உடுமலை, திண்டுக்கல், தேனி, கம்பம். கம்பத்து மெட்டுல மலை ஏறறப்போ ரெண்டு புள்ளைங்க வாந்தி. எனக்கு மலையும் தெரியலை, மஞ்சும் தெரியலை, வாச்சை மட்டும் பாத்துட்டு வந்தேன். எங்களுக்குப் பதினொன்றரைக்கு நேரம் குடுத்திருந்தாங்க. பதினொண்ணுக்குப் போய்ச் சேந்தோம். போனா இன்னும் மந்திரிக்குப் பதிலா வந்தவரு பேசிட்டிருக்காரு.

மேளாவை நடத்தறது நிமின்னு ஒரு மலையாளப் பொண்ணு. கழுத்துல நாலு அட்டை தொங்குது, கையில ரெண்டு போனு. எங்க ஆதாரைச் சரி பாத்து நம்பர் குத்திவிட்டா. "சேச்சி, ரூல் நினைவிருக்கில்லே? வேற ஆள் வந்தா ஜட்ஜ் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, மார்க் ஷீட்டைக் கிழிச்சிருவாங்க. காலையில ஒரு டீமுக்கு அப்படி ஆச்சு"ன்னா. பாவம், நல்ல மாதிரிதான் சொன்னா. பன்னெண்டு பேரோட நம்பரையும் ஒருக்கா இழுத்து இழுத்துப் பாத்தேன்.

பதினொன்றரை ஒரு மணியாச்சு, ஒண்ணு மூணாச்சு. எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்டம், திருவாதிரைக்களி, ஒப்பனா, ஆதிவாசிக் கூத்து, மார்க்கங்களி, மறுபடியும் திருவாதிரைக்களி. நான் மைதானத்தைச் சுத்தி நடந்து நடந்து கொலுசு ஒரு கால்ல அறுந்தே போச்சு. ஜோஜோன்னு மைக்குக்காரன், "அடுத்து பாலக்காட்டிலிருந்து"ன்னு சொல்லுவான், எந்திரிப்போம், "கொஞ்சம் கழிச்சு"ம்பான், உக்காருவோம். தூறல் வேற. சேலைக் கொசுவம் நனைஞ்சு கால்ல ஒட்டுது. "இந்த எளவுக்கு ஊட்டுலயே இருந்திருக்கலாம்"னு ஒரு புள்ளை சொல்லிப் போட்டா. அவளை நான் பேசின பேச்சை இங்க சொல்ல முடியாதுங்க.

நாலு மணிக்கு ஏலத்தோட்ட வேலை முடிஞ்சு பொம்பளைங்க வந்தாங்க. தலையில துண்டு, இடுப்புல பிளாஸ்டிக் சாக்கு, கையெல்லாம் கறை. கம்பத்துப் பக்கமிருந்து தெனமும் ஜீப்புல மலையேறி வேலைக்கு வர்ற சனம். ஜீப்பு நிக்கற எடம் மைதானத்துக்குப் பக்கந்தான், ஜீப்பு நெறையற வரைக்கும் வேடிக்கை பாக்க நின்னாங்க. காலையில இருந்து அங்க தமிழ்ல ஒரு சத்தம் இல்லை. அவியளும் சும்மாத்தான் நின்னாங்க.

அப்பத்தான் ஜோஜோ எங்களைக் கூப்புட்டான்.

பெரியம்மாளக்கா மொத வரிய எடுத்ததுமே அந்தப் பக்கம் ஒரு சலசலப்பு. "ஏய், நம்ம பாட்டுடீ"ன்னு ஒரு கொரலு. எனக்குப் பொடனி சில்லுன்னுச்சு. ஆனா அடி நல்லா உழுந்துது பாத்துக்குங்க. பன்னெண்டு பேரோட கை ஒரே கையாட்டம். மொத சுத்து. ரெண்டாஞ் சுத்து. ஜட்ஜு மேசையில நடுவுல இருந்த அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு நிமிந்து பாத்துச்சு. செயிச்சுட்டோம், அந்த எடத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, கை தட்டறதால தொடைக்க முடியலை.

மூணாஞ் சுத்து முடிஞ்சுது. பெரியம்மாளக்கா பாடுச்சு.

வட்டத்துல எடமிருக்கு, வாங்கம்மா வாங்க.

அட கெரகமே! பாட்டுல அரை மணி நேரத்தை வெட்டினோம், அந்த ரெண்டு வரிய வெட்டலை. வெட்டோணும்னு தோணவே இல்லை. எட்டு வருசமாக் கேட்டுக் கேட்டு அது எங்க காதுக்குப் பாட்டாவே படறதில்லை. சுத்து மாறற எடம், சித்தெ மூச்சு வாங்கற எடம், அவ்வளவுதான். அது ஒரு ஆளைக் கூப்புடற வரின்னு எங்களுக்கு மறந்தே போச்சு.

கேட்டவளுக்கு மறக்கலை. கூட்டத்துல இருந்து ஒருத்தி எறங்கினா. என்ர வயசுதான் இருக்கும். கருத்த, ஒல்லியான பொம்பளை, இடுப்புச் சாக்கை அவுத்து எறிஞ்சுட்டு, ரெண்டு கறைக்கையையும் சேலையில தொடைச்சுட்டு, மூஞ்சியெல்லாம் சிரிப்பா வர்றா. வெக்கமும் இல்லை, யோசனையும் இல்லை. கூப்புட்டாங்க, வர்றா.

ஒரு மாசம் நெருக்கி நெருக்கிப் பழக்கின வட்டம், அவளைக் கண்டதும் தெறந்துக்கிச்சுங்க. யாரும் வேணும்னு தெறக்கலை. மௌனிகா ஒரு அடி அங்க போனா, நான் ஒரு அடி இங்க வந்தேன். கால்தான் போச்சு. எனக்கும் மௌனிகாவுக்கும் நடுவுல ஒரு ஆள் எடம். அவ அதுக்குள்ள கால் வெக்கப் போறா. அவளுக்குப் பின்னால ஜட்ஜு மேசை. அந்த அம்மா கையில மறுபடியும் பேனா.

எடது முழங்கையில அவ நெஞ்சைப் பாத்து ஓங்கி இடிச்சேன். கை தட்டற சாக்குல, தாளம் தப்பாம. அவ பின்னால சாஞ்சு, ஈர மண்ணுல வழுக்கி, சப்புன்னு உக்காந்தா. நான் மௌனிகா தோளோட தோள் சேத்து எடத்தை மூடினேன். அடுத்த அடி. அதுக்கு அடுத்த அடி.

சுத்தி வர்றப்போ அவளைப் பாத்தேன். உக்காந்த எடத்துலயே இருந்தா. மூஞ்சியில சிரிப்பு இன்னும் போகலை, எங்க கொண்டு போய் வெக்கறதுன்னு தெரியாம அப்படியே இருந்துது. அடுத்த சுத்துல பாத்தேன், எந்திரிச்சுப் போயிருந்தா. ஜீப்பு ஒண்ணு பொறப்படற சத்தம் கேட்டுது.

மொதப் பரிசு எங்களுக்கு.

வேன்ல புள்ளைங்க பாட்டும் கூத்துமா வந்தாங்க. பெரியம்மாளக்கா சன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருந்துச்சு. கம்பம் வந்து டீ குடிக்க எறங்கறப்போ, "நாந்தான கூப்புட்டேன் அம்மிணி. என்ர வாயாலதான கூப்புட்டேன்"ன்னுச்சு.

"அக்கா, சும்மா முழங்கை பட்டுது."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது."

அதோட சரி. அடுத்த நாள்ல இருந்து அது பயிற்சிக்கு வரலை. ஊட்டுக்குப் போய்க் கூப்புட்டேன். தொண்டை சரியில்லைன்னுச்சு. தோப்புல பாத்தவங்க நல்லாத்தான் பேசுதுங்கறாங்க.

ஒன்றரை மாசங் கழிச்சு லெட்டர் வந்துது. சீல் வெச்சு, என்ர முழுப்பேர் போட்டு, கலை ஆசிரியைன்னு. மச்சாண்டாருகிட்டக் கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் படிச்சாரு. "பரவாயில்லையே"ன்னாரு. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை வருசங்க! ராத்திரி பூரா லெட்டரைத் தலையணைக்கு அடியில வெச்சுப் படுத்தேன், சின்னப் புள்ளையாட்டம்.

அடியில வேலை எடம் போட்டிருந்துது. நான் சித்தூர்னு நெனச்சிருந்தேன். வண்டன்மேடுன்னு இருந்துது.

நிமிக்குப் போன் பண்ணினேன். "ஏனுங்க, இவ்வளவு தூரம் எதுக்கு போட்டீங்க?"ன்னேன்.

"நான்தான் ரெக்கமண்ட் பண்ணியது சேச்சி. அன்னைக்கு ஒரு தோட்டக்காரச் சேச்சி ஆசையா ஓடி வந்தாங்களே? அதைப் பாத்துத்தான். இங்க இதுக்கு அவ்வளவு ஆள் இருக்குன்னு எங்களுக்குத் தெரியவே இல்லை"ன்னா.

போனை வெச்சுட்டு லெட்டரை மறுபடியும் எடுத்துப் படிச்சேன். ஊட்டுக்காரர் வந்து, "என்ன, வேண்டாம்னு எழுதிப் போடலாமா?"ன்னு கேட்டாரு. வேண்டாம்னா எப்படிங்க உடறது? மாசி வர்றதுக்குள்ள எனக்கு வேற எது வரப்போவுது? போனேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாள் கிளாஸு, சாயங்காலம் நாலு மணிக்கு. பஞ்சாயத்து ஹால் ஒண்ணு தந்தாங்க. தங்கறதுக்கு ஒரு டெய்லரம்மா ஊட்டு மாடி. கூடவே ஒரு பெரிய ரிஜிஸ்டர். பேரு, கேரளா விலாசம், ஆதார் நம்பர், கையெழுத்து. மாசக் கடைசிக்குள்ள பத்துப் பேர் அதுல ஏறோணும். ஏறலைன்னா சென்டரை மூடிருவாங்க, லெட்டரும் அதோட போச்சு.

மொத வாரம் ஒரு ஈ காக்கா வரலை. நாலு மணிக்கு ஹாலைத் தெறந்து, கூட்டி, சுண்ணாம்பு வட்டம் போட்டு, ஆறு மணிக்கு மூடினேன். ரெண்டாவது வாரம் ஊடு ஊடா ஏறி எறங்கினேன். மலையாளத்துப் பொம்பளைங்க நல்லாச் சிரிச்சு, டீ குடுத்து, "நோக்கட்டே"ன்னு, அதாவது பாக்கலாம்னு சொல்லி அனுப்பினாங்க. தோட்டம் வெச்சிருக்கற தமிழ்க் குடும்பத்துல ரெண்டு பள்ளிக்கூடப் புள்ளைங்க பேர் குடுத்துச்சு, பரிட்சை முடிஞ்சு வர்றோம்னு. ரெண்டு பேரு.

ஜீப்பு நிக்கற எடத்துக்கு மட்டும் நான் போகலை. நாலு மணியானா ஹால் சன்னல்ல இருந்து தெரியும். சாக்கும் துண்டுமாக் கூட்டமா நிப்பாங்க. அதுல அவ இருக்கறாளான்னு பாப்பேன், இருக்கக் கூடாதுன்னும் பாப்பேன். மூணாவது வெள்ளிக்கெழமை மனசைக் கல்லாக்கிட்டுப் போனேன். "அக்கா, கும்மி கிளாஸ் நடக்குதுங்க, வாங்களேன்"னு பொதுவாச் சொன்னேன். ஒருத்தி மேலயும் கீழயும் பாத்தா. "எதுக்கு, சோலையத் தள்ளுன மாதிரி எங்களையும் தள்ளவா?"ன்னா. மத்தவங்க சிரிக்கக்கூட இல்லை, ஜீப்புல ஏறிட்டாங்க. அப்பத்தான் அவ பேரு சோலைன்னு தெரிஞ்சுது.

மறுநாள் சனிக்கெழமை, நாலே கால். வெறும் ஹால்ல சுண்ணாம்பு வட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். வாசல்ல நெழல் உழுந்துது. நிமிந்தா, அவ. நெலைக்கு வெளிய நிக்கறா, உள்ள கால் வெக்கலை. இடுப்புல சாக்கு அப்படியே இருக்குது.

"நீதான டீச்சரு?"ன்னா.

எந்திரிச்சேன். "ஆமாங்க."

"எதுக்குத்தா அன்னிக்குத் தள்ளுன?"

சொல்றதுக்கு எங்கிட்ட எத்தனை தயாரா இருந்துது! ரூலு, நம்பரு, ஷீட்டு, சும்மா பட்டுது, ஈர மண்ணு. அதுல ஒண்ணை எடுத்து உடறதுக்குள்ள அவ மறுபடியும் கேட்டா. சண்டைக்குக் கேக்கலைங்க, நெசமாவே தெரியாமத்தான் கேட்டா.

"நீங்கதானக்கா பாட்டுல கூப்புட்டீக. எடமிருக்கு, வாங்கன்னு. கூப்புட்டுப்புட்டுத் தள்ளுனா என்ன அர்த்தம்? ரெண்டு மாசமா யோசிச்சுப் பாக்குறேன், எனக்கு வெளங்கல. கை கறையா இருந்துச்சுன்னுதான் தள்ளுனியா?"

ஐயோ, அது என்னைக் கொன்னு போட்டுது. "இல்லீங்க, சத்தியமா அது இல்லீங்க"ன்னு கத்திட்டேன். "எனக்கு இந்த வேலை வேணும்னு தள்ளினேன். நீங்க உள்ள வந்திருந்தா எங்களுக்குப் பரிசு போயிருக்கும். அதுக்காகத் தள்ளினேன். தெரிஞ்சேதான் தள்ளினேன்."

அவ என்னையே பாத்தா. "அப்புடிச் சொல்லு"ன்னா. ஒரு பெருமூச்சு உட்டா, என்னமோ எறக்கி வெச்ச மாதிரி. "வேல கெடச்சிருச்சுல்ல?"

"கெடச்சுது. இந்த மாசத்தோட போயிரும். பத்துப் பேர் வேணும், ரெண்டுதான் இருக்குது."

"எங்க ஜீப்புல பதினாலு பேரு." சொல்லிட்டு, மேசையில இருந்த ரிஜிஸ்டரை வாசல்ல இருந்தே எட்டிப் பாத்தா. "எங்கள எழுதிக்கிருவியா? எல்லாம் கம்பத்து அட்ரஸ்தான்."

எழுத முடியாது. கேரளா விலாசம் இல்லாத பேரை எழுதினா நிமி செல்லாதுன்னு அடிச்சிருவா. கோயமுத்தூர் மேசைக்கு முன்னாடி நான் நின்ன அத்தனை தடவையும் ஞாபகம் வந்துது. "ஆதார் கேரளாவா அம்மிணி?" இப்ப நான் மேசைக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்.

"முடியாதுங்க"ன்னேன்.

"அப்ப நாங்க வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான். ஒன் வேல போயிரும்."

"போயிரும்."

"பெறகு என்ன?"ன்னு திரும்பினா. வெளிய ஜீப்பு ஆரன் அடிச்சுது.

நான் பாட்டுக்காரி இல்லீங்க. என்ர கொரலு ஒடைஞ்ச பானையாட்டம் இருக்கும், செட்டுல என்னைப் பாட உட மாட்டாங்க. பெரியம்மாளக்கா எரநூறு கிலோமீட்டருக்கு அப்பால தோப்புல கோவமா இருக்குது. யோசிக்கலை. ரிஜிஸ்டரை மூடினேன். வட்டத்துல போய் நின்னேன். ஒத்தை ஆளா நின்னு, ஒரு அடி தள்ளி எடம் உட்டேன், பாடினேன்.

வட்டத்துல எடமிருக்கு, வாங்கம்மா வாங்க,
வாசலுல நிக்க வேண்டாம், வந்து கையத் தட்டுங்க.

பாதியில கொரலு ஒடைஞ்சு அழுகை வந்துருச்சு. அவ நின்னா. திரும்பிப் பாத்தா. ஆரன் மறுபடியும் அடிச்சுது, "ஏ சோலை, வாடீ, பொழுதாச்சு"ன்னு யாரோ கூப்புட்டாங்க.

சோலை இடுப்புச் சாக்கை அவுத்து நெலையோரம் போட்டா. உள்ள வந்து, நேரா என்ர எடது பக்கத்துக்கு வந்து, அந்த முழங்கையை ஒரு கையில கெட்டியாப் புடிச்சுக்கிட்டா.

"இத மொதல்ல மடக்கி வையி"ன்னா. அப்பறம் வாசலைப் பாத்துச் சத்தமா, "ஏய், எல்லாரும் எறங்கி வாங்கடீ. ஜீப்பு நிக்கட்டும்"னா.

பதினாலு பேரும் வந்தாங்க. ரிஜிஸ்டர்ல அதே ரெண்டு பேருதான், மாசம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்துது.